பதிமூன்றரை விரற்கடை மோட்டார்

1924 பிப்ரவரி 6, புதன்

இந்த நோட்டில் பார்த்ததைப் பார்த்தபடி, கேட்டதைக் கேட்டபடி எழுதப் போகிறேன். நான் தப்புச் செய்தால் அதையும் மறைக்காமல் எழுதுவேன். கையெழுத்துப் போட்டியில் முதலாவதாக வந்ததற்கு டீச்சரம்மா கொடுத்த நோட்டு இது. முதல் பக்கத்தில் பெயர் எழுதிவிட்டேன்: வீ. சந்திரவல்லி, ஐந்தாம் வகுப்பு, போடிநாயக்கனூர்.

எதைப் பற்றி எழுதுவது என்று பயந்துகொண்டிருந்தேன். முந்தாநாள் அது தானாகவே தெருவுக்குள் வந்தது.

மோட்டார்! ஏலக்காய் வியாபாரி அப்துல் அஜீஸ் ராவுத்தர் மதுரையிலிருந்து வாங்கி வந்திருக்கிறார். துரைமார் மோட்டாரைத் தூரத்தில் தூசியாக மட்டும் பார்த்திருக்கிறேன். நிற்கிற மோட்டாரைக் கிட்டத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை. நின்ற பிறகும் அது நடுங்கிக்கொண்டே இருந்தது, ஓடி வந்த குதிரை மாதிரி. முன்னால் இரண்டு பித்தளை விளக்குகள். ஒன்றின் உட்குழிவுக்குள் எட்டிப் பார்த்தேன். எங்கள் தெரு முழுவதும் அதற்குள் தலைகீழாகத் தொங்கியது. கோயில் கோபுரம், ஒரு எருமை, நான். மூன்றும் தலைகீழ்.

அதை ஓட்டி வந்தவர் கமருதீன் அண்ணன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கமர்நிசாவின் கூடப் பிறந்தவர்.

பிப்ரவரி 7, வியாழன்

சக்கரத்துக்குப் பன்னிரண்டு ஆரக்கால். நான்கு சக்கரத்தையும் எண்ணிவிட்டேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

கமர்நிசாவுடன் ராவுத்தர் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குப் போனேன். மோட்டார் அங்கேதான் நிற்கிறது. கமருதீன் அண்ணன் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிகவும் உயரமானவர். கையும் நீளம். கீழே உட்காராமலே சக்கரத்தைத் துடைக்கிறார்.

"கீழ குனிஞ்சு பாரு தாயி. இதோட சூட்சுமம் பூராம் அடியிலதான் இருக்கு" என்றார்.

மண்ணில் படுத்துப் பார்த்தேன். பாவாடை பாழானதற்கு ஆத்தாவிடம் வாங்கியது தனி. ஆனால் என்ன பார்த்தேன் தெரியுமா? மாட்டு வண்டி திரும்பும்போது மாடுகள் இழுக்க வண்டி முழுவதும் திரும்பும். மோட்டாரில் அச்சு அசைவதே இல்லை! அச்சின் இரண்டு நுனியிலும் சக்கரங்கள் மட்டும் திரும்புகின்றன. நடுவில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி இரண்டையும் பிடித்திருக்கிறது. அவர் மேலே வளையத்தைத் திருப்ப, கீழே இரண்டு சக்கரமும் ஒரே பேச்சைக் கேட்ட இரண்டு பேர் மாதிரி ஒரே பக்கம் முகத்தைத் திருப்பின. இதை நினைத்துக் கண்டுபிடித்த மனிதர் எங்கே இருப்பார்? அவருக்குத் தூக்கம் வந்திருக்குமா?

இதைப் போலவே ஒன்று நான் செய்யப் போகிறேன். பொம்மை இல்லை. எல்லா அளவும் சரியாக இருக்கும் சின்ன மோட்டார்.

"ஒரு சாணுக்கு ஒரு விரற்கடைன்னு வச்சுக்கிறேன். அளந்து சொல்றீகளா அண்ணே?" என்று கேட்டேன். கிட்டங்கிக் கணக்கர் என்னை மோட்டாரைத் தொடவிடவில்லை. அதனால் அண்ணனே தன் கையால் சாண் போட்டுச் சொன்னார், கமர்நிசா சிலேட்டில் எழுதினாள். நீளம் பதிமூன்றரைச் சாண். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் பத்துச் சாண், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையில் ஐந்தரைச் சாண். சக்கரத்தின் உயரம் மூன்று சாண்.

"எதுக்குடி இதெல்லாம்?" என்றாள் கமர்நிசா.

"செய்யுறதுக்கு."

"செஞ்சு?"

பதில் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

பிப்ரவரி 16, சனி

மூங்கிலைக் குறுக்கே அறுத்தால் வட்டம் வட்டமாக வருகிறது. அதுதான் சக்கரம். ஆரக்காலுக்கு விளக்குமாற்று ஈர்க்கு. நடுக்குடத்துக்குக் கொட்டைப்பாக்கு. ஒரு பாக்கில் பன்னிரண்டு துளை போடுவதற்குள் ஊசி இரண்டு முறை விரலில் இறங்கிவிட்டது. உடம்புக்குக் கல்யாண முருங்கைக் கட்டை, வெண்ணெய் மாதிரி சீவ வருகிறது. எஞ்சினை மூடும் முன்மூடிக்கு மண்ணெண்ணெய்த் தகரம். திருப்பும் வளையத்துக்கு நான் கைக்குழந்தையாக இருந்தபோது போட்டிருந்த கருவளையல். ஆத்தா அதைத் துணியில் முடிந்து வைத்திருந்தாள். கேட்டதும் கொடுக்கவில்லை, மூன்றாம் நாள் கொடுத்தாள்.

பிப்ரவரி 20, புதன்

பாக்கு பிளந்துவிட்டது. திரும்பவும் பன்னிரண்டு துளை.

மார்ச் 2, ஞாயிறு

முடிந்துவிட்டது!

முன் சக்கரங்கள் திரும்புகின்றன. கருவேல முள்ளை அச்சாணியாக வைத்து, நடுவில் ஒரு ஈர்க்கைக் கட்டினேன். நிஜ மோட்டாரின் சக்கரம் எவ்வளவு திரும்புமோ, அதற்கு மேல் இதுவும் திரும்பாதபடி இன்னொரு முள்ளால் தடுத்திருக்கிறேன். விளக்குக்கு இரண்டு சலங்கையைப் பாதியாக வெட்டிப் பதித்தேன். புளிபோட்டுத் தேய்த்ததில் அதற்குள் என் மூக்கு மட்டும் தெரிகிறது. ஓட்டுகிறவர் இடத்தில் ஒரு புளியங்கொட்டை. அதுதான் கமருதீன் அண்ணன்.

குனிந்து, ஒரு கண்ணை மூடி, தரையோடு தரையாக வைத்துப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் அது சின்னதாகவே இல்லை. எங்கள் வீட்டு முற்றம்தான் பெரிய மைதானமாகிவிட்டது. வெகுநேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை.

அய்யா வேலை முடித்து வந்து பார்த்தார். அய்யாவைப் பற்றி இன்னும் எழுதவில்லை. பெயர் வீரையா. ரோடு போடும் மேஸ்திரி. குரங்கணியிலிருந்து மேலே ராவுத்தரின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வரைக்கும் மோட்டார் ஏறுவதற்கு நாற்பது ஆட்களை வைத்து மலையை வெட்டிக்கொண்டிருக்கிறார். இதுவரை அங்கே பொதிமாடுதான் போனது. மொத்தம் ஏழு வளைவு. மூன்றாவது வளைவில் ஒரு பக்கம் கரும்பாறை, மறுபக்கம் பள்ளம்.

அய்யா மோட்டாரைக் கையில் எடுக்கவில்லை. குத்துக்கால் வைத்து உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஆத்தாவைக் கூப்பிட்டு, "இங்க பாரு, ஒம் மக மதுரைக்குப் போகாமலே மோட்டாரு கொண்டாந்துட்டா" என்றார்.

மார்ச் 5, புதன்

இன்று ராவுத்தர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அய்யாதான் கூட்டி வந்தார்.

மூன்றாவது வளைவில் மோட்டார் திரும்புமா என்று ராவுத்தருக்குச் சந்தேகம். ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்கு முன் ஸ்டோர் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டுமாம். வளைவை அகலமாக்குவதென்றால் பாறைக்கு வெடி வைக்க வேண்டும், பதினைந்து இருபது நாள் ஆகும். அய்யா, "திரும்பும் முதலாளி. நம்பலேன்னா எம் மகளோட மோட்டார வச்சுக் காட்டுறேன்" என்றிருக்கிறார்.

முற்றத்தில் ஆற்றுமணலைக் கொட்டி வளைவைச் செய்தேன். அய்யா தன் முழக்கோலால் அளந்த அகலம் எட்டு முழம். முழத்துக்கு இரண்டு சாண். அப்படியானால் பதினாறு விரற்கடை. ஒரு பக்கம் பாறைக்குச் செங்கல். மறுபக்கம் மணலைச் சரித்துப் பள்ளம்.

மோட்டாரைத் தள்ளினேன். சக்கரம் முழுவதும் திரும்பி, செங்கலை ஒட்டி, பள்ளத்தின் பக்கம் இரண்டு விரற்கடை மிச்சம் வைத்துத் தாண்டியது! ராவுத்தர் குழந்தை மாதிரி கை தட்டினார்.

"அளவெல்லாம் சரிதானா தாயி?"

"சரிதான்" என்றேன்.

கமருதீன் அண்ணனும் நின்றுகொண்டிருந்தார். "அப்ப கண்ண மூடிக்கிட்டு ஏறலாம்" என்று சிரித்தார். 17ஆம் தேதி, திங்கட்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள். நான் செய்த மோட்டாரைப் பார்த்து நிஜ மோட்டார் மலையேறப் போகிறது. எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

மார்ச் 7, வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் ஆத்தாவுடன் பூ வாங்கப் போனேன். பூக்கார முத்துப்பேச்சியக்கா குள்ளம். கையும் குட்டை. முழம் போட்டுக் கொடுத்ததும் ஆத்தா பூவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன் முத்துப்பேச்சி, ஒன் முழத்துல வாங்குனா கொண்டையில ஒரு பக்கந்தான் பூவு. ஒம் புருசனக் கூப்பிடு, அவரு கையால அளக்கட்டும்."

"எம் புருசன் கையால அளந்தா எங்க வீட்டு அடுப்பு எப்பிடிக்கா எரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூவை வாங்கிக்கொண்டு பத்து அடி நடந்திருப்பேன், கால் நின்றுவிட்டது.

மோட்டாரை அளந்தது கமருதீன் அண்ணனின் கை. வளைவை அளந்தது அய்யாவின் கோல். அந்தக் கோல் அய்யா மேஸ்திரி ஆன அன்றைக்குத் தன் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் வைத்து வெட்டியது. அய்யா குள்ளம். ஆட்கள் அவர் இல்லாதபோது அதைக் 'குட்டைக்கோல்' என்று சொல்வது எனக்கே தெரியும்.

நீளக் கையால் அளந்தால் மோட்டார் குறைவாக வரும். குட்டைக் கோலால் அளந்தால் ரோடு கூடுதலாக வரும். நான் இரண்டையும் ஒரே விரலுக்குக் கொண்டுவந்து, 'சரிதான்' என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 8, சனி

யாரிடமும் சொல்லவில்லை. அதையும் எழுதுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

கமர்நிசா வீட்டுக்குப் போய், கமருதீன் அண்ணனின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டேன். "என்ன, எனக்குச் சட்ட தைக்கப் போறியா?" என்றார். கமர்நிசா சிரித்தாள். என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து நூலை அய்யாவின் கோல் மேல் வைத்தேன். கோல் நான்கு விரற்கடை குறைவு. ஒரு முழத்துக்கு நான்கு என்றால் எட்டு முழத்துக்கு? முப்பத்திரண்டு விரற்கடை ரோடு இல்லவே இல்லை. இல்லாத அந்த ரோட்டை நான்தான் மணலில் போட்டேன்.

சரியான அளவில் வளைவை மறுபடி செய்தேன். மோட்டாரைத் தள்ளினேன். முன் சக்கரங்கள் திரும்பிவிட்டன. பின்னால் இடது சக்கரம் விளிம்பில் மணலைச் சரித்துக்கொண்டு இறங்கியது. மோட்டார் சாய்ந்தது. மூன்று தடவை தள்ளினேன், மூன்று தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை புளியங்கொட்டை தெறித்து மணலுக்குள் போய்விட்டது. சலித்துச் சலித்துத் தேடினேன். கிடைக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

அய்யா சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கு முதலாளி முன்னால சரின்னு சொன்ன. இன்னைக்கு எங்கோலு தப்புங்குறியா?"

"கோலு தப்பில்ல அய்யா. அண்ணன் கையும் தப்பில்ல. ரெண்டும் வேற வேற."

"பத்தொம்பது வருசமா இந்தக் கோல்ல ரோடு போட்டிருக்கேன். ஒரு மாட்டு வண்டி உருண்டிருக்கா? சொல்லு!"

உருண்டதில்லை. மாடு பள்ளத்தைப் பார்த்தால் தானே ஒதுங்கும். மோட்டாருக்குக் கண் இருக்கிற இடத்தில் விளக்குத்தான் இருக்கிறது. இதைச் சொல்வதற்குள் அய்யா சோற்றில் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்.

"வெயில்ல வெந்துட்டு வந்த மனுசன இப்படியா எழுப்பிவிடுவ? ஒனக்கு வேற சோலியே இல்லையா?" என்றாள் ஆத்தா. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "நெசமாவா வல்லி?" என்று கேட்டாள்.

மார்ச் 12, புதன்

கமர்நிசாவிடம் சொன்னேன். அவள் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். "'ரோடு போட்டவருக்குத் தெரியாதா, மேஸ்திரி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்'னு சொல்லிச் சிரிக்குதுடி எங்க அண்ணே" என்றாள். பிறகு சிலேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

இன்னும் ஐந்து நாள்.

மார்ச் 14, வெள்ளி

அய்யா நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று சாயங்காலம் தானாகவே நெல் கொட்டும் குலுக்கை மேலிருந்த மோட்டாரை இறக்கினார். வாசலில் உட்கார்ந்து, கருவளையலை ஒரு விரலால் திருப்பினார். முன் சக்கரம் திரும்பி, முள்ளில் முட்டி நின்றது. இன்னொரு தடவை திருப்பினார். நின்றது.

"இம்புட்டுத்தான் திரும்புமா? நெச மோட்டாரும்?"

"இம்புட்டுத்தான் அய்யா."

"அந்த நூலு எங்க?"

கொடுத்தேன். மடியில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

எழுத்துக் கோணலாக வருகிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் அய்யா, "கெளம்பு" என்றார். "எங்கே?" என்று ஆத்தா கேட்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். குரங்கணி வரைக்கும் வண்டி. அங்கே கமருதீன் அண்ணன் நின்றார். அய்யாதான் வரச் சொல்லியிருக்கிறார். பிறகு மூவரும் நடந்து ஏறினோம். காப்பிப் பூ பூத்திருந்தது. மலை முழுவதும் யாரோ நெல்பொரியை இறைத்த மாதிரி. வேறொரு நாளாக இருந்தால் அதையே ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

மூன்றாவது வளைவில் ஆட்கள் மூங்கில்களை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அய்யா நூலை எடுத்தார். நூலால் அளந்து மூங்கிலை வெட்டச் சொன்னார். பத்துச் சாணுக்கு இரண்டு நீள மூங்கில், சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள அகலத்துக்கு இரண்டு குறுக்கு மூங்கில். நான்கு மூலையும் கட்டியதும் எனக்குப் புரிந்தது. நான் பெரிய மோட்டாரைச் சின்னதாகச் செய்தேன். அய்யா என் சின்ன மோட்டாரைத் திரும்பப் பெரிதாகச் செய்துவிட்டார்!

மூலைக்கு ஒருவராக நான்கு பேர் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். பள்ளத்தின் பக்கம் பின்மூலையில் மொக்கச்சாமி அண்ணன். அவர் இடுப்பில் அய்யா கயிறு கட்டி, அதன் மறுநுனியைப் பாறைமேல் நின்ற மூன்று பேரிடம் கொடுத்தார்.

"என்ன மேஸ்திரியாரே, என்னைய மாடுன்னு நெனச்சீகளா?" என்றார் மொக்கச்சாமி அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அய்யா மட்டும் சிரிக்கவில்லை.

கமருதீன் அண்ணன் முன்னால் நின்று சொன்னார்: "முன்னால உள்ளவுக நான் கை காட்டுற அளவுக்குத்தான் திரும்பணும். பின்னால உள்ளவுக பக்கவாட்டுல காலெடுத்து வைக்கக் கூடாது. சக்கரம் பக்கவாட்டுல நடக்காது."

நடந்தார்கள். பாறைப் பக்க மூங்கில் பாறையை உரசியது. முன் ஆட்கள் திரும்பினார்கள். மூங்கில் சட்டம் மெல்ல, மெல்ல வளைந்து போனது. தூரத்தில் ஏதோ ஒரு பறவை. எனக்கு என் மோட்டாரின் ஈர்க்கு ஆரக்கால்கள் சுற்றுவது கண்ணுக்குள் தெரிந்தது. மணலில் மூன்று தடவை பார்த்த அதே இடம், அதே—

மொக்கச்சாமி அண்ணன் காலை முன்னால் வைத்தார். காலுக்குக் கீழே தரை இல்லை.

கயிறு விறைத்தது. மூன்று பேரும் இழுத்து அவரை மேலே ஏற்றிவிட்டார்கள். மூங்கில் சட்டம் எல்லோர் கையையும் விட்டுப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் உடனே கேட்கவில்லை. நான் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம்தான் கேட்டது.

கமருதீன் அண்ணன் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். பிறகு தன் கையை விரித்து, ஏதோ புதுச் சாமானைப் பார்ப்பது போல அதையே பார்த்தார். என் தலையில் அந்த நீளக் கையை ஒரு தடவை வைத்து எடுத்தார்.

அய்யா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கோலைக் கிடையாக மடியில் வைத்துக்கொண்டு.

மார்ச் 17, திங்கள்

ராவுத்தர் மோட்டாருக்குப் போட மல்லிகை மாலையோடு கிளம்பி வந்துவிட்டார். ஊரே கிட்டங்கி முன்னால் நின்றது. அவ்வளவு பேர் முன்னால் அய்யா போய், "முதலாளி, இன்னைக்கு ஏற வேணாம். மூணாவது வளைவு பத்தாது. எங்கோலு சின்னக் கோலு. தப்பு என்னோடது" என்றார்.

"நாந்தான் சரின்னு சொன்னேன்" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சின்னப்புள்ள சொன்னதக் கேட்டா நான் ரோடு போட்டேன்? சும்மா இரு" என்றார் அய்யா.

ராவுத்தர் தாடியைத் தடவினார். பிறகு, "மோட்டாரு போனா மதுரையில இன்னொண்ணு நிக்கும். கமருதீனுக்கு எங்க போவேன்? பாறைய ஒடைங்க மேஸ்திரி" என்றார். கையிலிருந்த மாலையைப் பார்த்தார். "இத என்ன செய்ய? சரி, கட்டுங்கப்பா, ஊரையாவது மூணு சுத்துச் சுத்தட்டும்."

சுற்றியது. கமர்நிசா என் கையை விடவே இல்லை. நகம் பதிந்துவிட்டது.

மார்ச் 22, சனி

மலையில் வெடிச் சத்தம். இவ்வளவு தூரம் கேட்குமா என்று ஆத்தா கேட்கிறாள். எனக்குக் கேட்கிறது.

மார்ச் 27, வியாழன்

அய்யா கேட்டார்: "ஒங்க பள்ளிக்கூடத்துல இரும்பு அடிக்கோலு இருக்காமே? டீச்சரம்மா ஒரு நாளைக்குக் குடுப்பாகளா?"

கொடுத்தார்கள். அதை வைத்து அய்யா புதுக் கோல் ஒன்று வெட்டினார். பழைய கோலை என்னிடம் தந்துவிட்டார். சுவரில் மோட்டாருக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மத்தியானத்துக்கு மேல் கிளம்பினோம். முன்னால் ராவுத்தரும் கமருதீன் அண்ணனும். பின்னால் கமர்நிசாவும் நானும், என் மடியில் என் மோட்டாரும். அதில் புதிதாக ஒரு புளியங்கொட்டை.

முதல் வளைவிலேயே மேகம் இறங்கிவிட்டது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளை மட்டும். அண்ணன் இறங்கி, விளக்குக்குக் காஸ் வரும் குழாயைத் திருகி, தீக்குச்சி கிழித்து இரண்டு விளக்கையும் ஏற்றினார். மேகத்துக்குள் இரண்டு மஞ்சள் வழி திறந்தது. அந்த வழியிலேயே ஏறினோம்.

மூன்றாவது வளைவு. விளக்கு வெளிச்சத்தில் பாறை புதிதாக உடைந்து, உள்ளே வெல்லக் கட்டி மாதிரி மின்னியது. மறுபக்கம், அன்றைக்கு மொக்கச்சாமி அண்ணனின் காலுக்குத் தரை இல்லாமல் போன அதே விளிம்பில், ஒருவர் நின்றுகொண்டிருந்தார். குள்ளமாக, புதுக் கோலைக் கையில் ஊன்றிக்கொண்டு. அய்யா.

மோட்டார் திரும்பியது. கமர்நிசா கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை, பின் சக்கரத்தையே பார்த்தேன். அது சுற்றிக்கொண்டே அய்யாவைத் தாண்டிப் போனது. சக்கரத்துக்கும் அய்யாவின் காலுக்கும் நடுவில் ஒரு முழத்துக்கு மேல் இருந்தது. யார் முழத்தில் அளந்தாலும்.

ஸ்டோர் வாசலில் போய் நின்றோம். ஏலக்காய் வாசனை மூச்சை அடைத்தது. மேகம் விலகி, கீழே போடி முழுவதும் தெரிந்தது. எங்கள் தெரு எது என்று தேடினேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் எல்லாம் இருந்தன. அதையெல்லாம் யார், எந்தக் கையால் அளந்து செய்தார்களோ?

கொஞ்ச நேரத்தில் அய்யாவும் நடந்து ஏறி வந்து சேர்ந்தார். மோட்டாரின் பக்கத்தில் வந்து, சூடாக இருந்த முன்மூடியில் ஒரு கையை மட்டும் வைத்தார்.

கமருதீன் அண்ணன் குனிந்து குழாயைத் திருகினார். இடது விளக்கு அணைந்தது. பிறகு வலது.